காகிதமும் நூலும்: அயல்நாட்டுக் கலைமாணாக்கர் வகுப்புப் பணிகள்

வேற்று நாடு சென்று கல்வி பயின்று மீள்வாரை நோக்கி, 'யாது கற்றீர்?' என்று வினவுவார் சிலர், 'யாது கொணர்ந்தீர்?' என்று வினவுவாரே பலர். மருத்துவம் பயின்றவர் தம் பட்டத்தையும், சட்டம் பயின்றவர் தம் அங்கியையும் காட்டி இவ்வினாவிற்கு விடையிறுத்தல் கூடும். கலை பயிலச் சென்றவர் எதனைக் காட்டுவார்? அவர் பெட்டியில் முற்றுப்பெற்ற ஓவியங்கள் சில இருக்கலாம். ஆயினும் அவர் கழித்த நாட்களிற் பெரும்பகுதி அவ்வோவியங்களிற் கழியவில்லை. ஆசிரியர் இட்ட சிறு பணிகளிலும், கிழித்தெறிந்த தாள்களிலும், அவிழ்த்துப் பின்னும் நெய்த நூல்களிலுமே அவை கழிந்தன. அவற்றை அவர் கொணர்வதில்லை. கொணர்ந்தாலும் காண்போர் அவற்றைக் குப்பையென்றே கருதுவர்.

அக்குப்பையினைக் குறித்தே நாம் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம். ஒரு கலைமாணாக்கரின் கல்வி அவர் முடித்த படைப்பிற் காணப்படுவதினும் அவர் செய்து கழித்த வகுப்புப் பணியிலேயே தெளிவுறக் காணப்படும் என்பது நம் கருத்து. இக்கருத்திற்குச் சான்றாக ஒரு கலைக்கூடத்தையும், அங்குப் பிறநாடுகளினின்றும் வந்து பயின்ற மாணாக்கியர் இருவரையும் எடுத்துக்கொள்வோம்.

கூடத்தின் வரலாறு

ஜெர்மனி நாட்டின் வைமார் நகரில் 1919-ஆம் ஆண்டு வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக்கலை அறிஞர் ஒரு கலைக்கூடத்தை நிறுவினார். அதன் பெயர் பௌஹௌஸ் என்பது. முதல் உலகப் பெரும்போர் முடிந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. பொருள் முடையும் மனச்சோர்வும் அந்நாட்டை வருத்தின. ஓவியர் வேறு, தச்சர் வேறு, நெசவாளர் வேறு என்று பிரிந்து நின்ற நிலையை ஒழித்து, கலைஞரும் கைவினைஞரும் ஒரு கூரையின் கீழ்ப் பயிலுமாறு செய்தல் வேண்டும் என்பதே குரோப்பியஸின் நோக்கம். அக்கூடம் 1925-ஆம் ஆண்டில் தெஸ்ஸௌ என்னும் தொழில் நகருக்குப் பெயர்ந்தது. அங்கு அவர் வகுத்தமைத்த கண்ணாடிச் சுவருடைய கட்டடம் 1926-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் திறக்கப்பெற்றது. அவருக்குப் பின் 1928 முதல் ஹன்னஸ் மேயரும், 1930 முதல் மீஸ் வான் டெர் ரோஹேயும் தலைமை பூண்டனர். 1933-ஆம் ஆண்டிற் கூடம் மறைந்தது. அஃது உயிர்வாழ்ந்தது பதினான்கு ஆண்டுகளே. ஆயினும் ஹங்கேரி, ஸ்விட்சர்லாந்து, யுகோஸ்லாவியா, பாலஸ்தீனம், அமெரிக்கா, ஜப்பான் முதலிய பல நாட்டு மாணாக்கரும் அதனை நாடி வந்தனர்.

அங்குச் சேர்ந்தார் எவராயினும் முதலில் ஒரு தொடக்க வகுப்பிற் பயிலுதல் வேண்டும். தம் நாட்டில் முன்னரே ஓவியம் கற்றுப் பெயர் பெற்றவராயினும், கட்டடங்கள் எழுப்பியவராயினும் இவ்விதிக்கு விலக்கில்லை. அவ்வகுப்பில் தேறியவரே நெசவு, தச்சு, உலோகம், அச்சு முதலிய பட்டறைகளுள் ஒன்றிற் புகலாம். அவ்வகுப்பின் நோக்கம் புதியன கற்பித்தல் மட்டுமன்று. முன்பு கற்றவற்றை ஒருபுறம் வைக்கச் செய்தலும் ஆகும்.

அவ்வகுப்பை முதலில் நடத்தியவர் ஸ்விட்சர்லாந்து நாட்டினராகிய யோஹானஸ் இட்டன் என்பார். பாடம் தொடங்குமுன் மாணாக்கரை எழுந்து நின்று மூச்சை ஒழுங்குபடுத்துமாறு செய்வது அவர் வழக்கம். பின்னர், ஒளியும் இருளும், கரடும் வழவழப்பும், வன்மையும் மென்மையும் எனத் தம்முள் மாறுபட்டவற்றை நாடிக் காணுமாறு பணிப்பார். மாணாக்கர் மரப்பட்டை, இறகு, கம்பளி, கண்ணாடித் துண்டு முதலியன கொணர்ந்து, ஒன்றன் இயல்பு மற்றொன்றனால் விளங்குமாறு பலகையில் இணைப்பர். தொட்டுத் தொட்டு அறிந்தபின் அவற்றை வரைவர்.

இக்கூடத்தின் செய்தி நம் நாட்டிற்கும் அக்காலத்தே எட்டியது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் கலை வரலாற்று அறிஞரின் முயற்சியால், 1922-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் கல்கத்தாவிலுள்ள கீழைக்கலைச் சங்கத்தார் நடத்திய காட்சியில், இட்டன், காந்தின்ஸ்கி, கிளே ஆகிய பௌஹௌஸ் ஆசிரியர்தம் ஓவியங்கள் நம் நாட்டு ஓவியர்தம் படைப்புக்களோடு ஒருங்கு வைக்கப்பெற்றன. கல்கத்தா மக்கள் கண்டவை படைப்புக்கள். அப்படைப்புக்களைச் செய்தோர் வகுப்பறையில் எவ்வாறு கற்பித்தனர் என்பது பின்னரே உலகிற்கு விளங்குவதாயிற்று.

தாள் கற்பித்த பாடம்

இட்டன் 1923-ஆம் ஆண்டில் விலகியபின், ஹங்கேரி நாட்டினராகிய லாஸ்லோ மொஹோய்-நாஜியும், அக்கூடத்திலேயே மாணாக்கராயிருந்து ஆசிரியரான யோசெப் ஆல்பர்ஸும் அவ்வகுப்பைப் பகிர்ந்து நடத்தினர். 1928-ஆம் ஆண்டிற்குப் பின் அதன் பொறுப்பு முழுவதும் ஆல்பர்ஸையே சார்ந்தது. அவர் இட்ட பணிகளுள் தலையாயது தாளைப் பற்றியது.

அவர்பாற் பயின்ற ஒருவர் பிற்காலத்தில் வரைந்த குறிப்பொன்று அவ்வகுப்பின் இயல்பை நன்கு விளக்குகின்றது. ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களுடன் வகுப்பிற்கு வந்து, ஒவ்வொருவருக்கும் சில கொடுத்தார். இத்தாளை அதன் இயல்பறிந்து பயன்படுத்தி, இப்பொழுது இருப்பதினும் மேம்பட்டதாகச் செய்க என்று பணித்தார். கத்தியும் கத்தரிக்கோலும் பசையும் இன்றியே செய்யக்கூடுமாயின் மிக நன்று என்றும் கூறிச் சென்றுவிட்டார். சில மணி நேரங்கழித்து அவர் திரும்பியபோது மேசைமேற் கோட்டைகளும் ஓடங்களும் விமானங்களும் விலங்குகளும் நிறைந்திருந்தன. அவற்றையெல்லாம் நோக்கி, இவை மரத்தாலோ தகட்டாலோ செய்திருப்பின் இன்னும் சிறக்கும் அன்றோ என்று கூறி ஒதுக்கினார். ஹங்கேரி நாட்டு இளைஞர் ஒருவர் தம் தாளை நெடுக்கில் மடித்து, அம்மடிப்பினால் அது நிமிர்ந்து நிற்குமாறு செய்திருந்தார், வேறொன்றும் செய்திலர். ஆசிரியர் அதனையே எடுத்துக்காட்டிப் பாராட்டினார். மேசைமேற் கிடந்த தாள் கிடந்தவாறே துவண்டு கிடப்பது. தாளின் ஒரு பக்கமே கண்ணுக்குப் புலப்படும். மடித்து நிறுத்திய தாளோ இருபுறமும் புலப்பட நிற்கின்றது. மெல்லிய விளிம்பின்மேல் தன் எடை முழுவதையும் தாங்குகின்றது. இதுவே தாளுக்கே உரிய ஆற்றல் என்பது அவர் விளக்கம்.

இதன் காரணத்தை நாம் சிறிது ஆராய்தல் தகும். ஒரு பொருள் வளையாது நிற்றல் அதன் பருமனைப் பெரிதும் பொறுத்தது. தாளின் பருமன் மிகச் சிறிது. ஆதலின் ஓரத்தைப் பற்றித் தூக்கினால் மறு ஓரம் தொங்கிவிடுகின்றது. அதே தாளை விசிறிபோல் மேலும் கீழுமாக மடித்தால், மடிப்பின் உயரமே தாளின் பருமனாக நின்று தாங்குகின்றது. தாள் மிகவில்லை, எடை கூடவில்லை, வலிமை மட்டும் பன்மடங்கு பெருகுகின்றது. கூரைக்கு இடும் இரும்புத் தகட்டை அலை அலையாக வளைத்துச் செய்வதும் இதனாலேயே. பனையோலைக் குருத்தினை விசிறி மடிப்பாக விரித்த இயற்கையும் இம்முறையையே கையாண்டது எனலாம்.

மாணாக்கர் இதனின்றும் மேற்சென்றனர். வட்டமான தாளில் ஒரு மையத்தைச் சுற்றிப் பல வளையக் கோடுகள் இட்டு, ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியுமாக மடித்தனர்; நடுவில் ஒரு துளை விட்டனர். மடித்து முடிந்தபின் தாள் தட்டையாக நில்லாது, தானே முறுகிக் குதிரைச் சேணம் போன்ற வடிவங்கொண்டது. அவ்வடிவத்தை எவரும் வரைந்ததில்லை, வெட்டியதுமில்லை. மடிப்பு வளையங்கள் நடுநோக்கிச் சுருங்க முயல்கின்றன. தாளோ நீளவும் மாட்டாது, குறுகவும் மாட்டாது. இவ்விரண்டின் போராட்டத்திற் பிறப்பதே அச்சேண வடிவம். வட்டத்திற்கு மாறாகச் சதுரத்துள் சதுரமாக மடிப்பினும் இத்தகையதொரு வடிவமே தோன்றும். இச்சதுர மடிப்பை இந்நூற்றாண்டிற் கணித அறிஞர் ஆராய்ந்து, கண்ணுக்குப் புலப்படும் மடிப்புக்களால் மட்டும் அவ்வடிவம் அமைதல் இயலாது என்றும், தாளில் வேறு நுண்ணிய மடிப்புக்களும் உண்டாதல் வேண்டும் என்றும் நிறுவியுள்ளனர். வகுப்பறையில் விளையாட்டெனத் தோன்றிய பணி, பின்வந்த அறிஞர்க்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

தாளுக்குப் பின் கம்பி, தகடு, தீப்பெட்டி, வைக்கோல், கண்ணாடி முதலியன வரும். ஒவ்வொன்றையும் கையாளுங்கால் இரு விதிகளை மறத்தலாகாது. பொருளை வீணாக்குதல் கூடாது. உழைப்பை வீணாக்குதலும் கூடாது. வெட்டி எறிந்த துண்டு மிகுதியாயின் பணி குறையுடையதாகும். பணிகள் முடிந்தபின் அனைத்தையும் தரையிற் பரப்பி, மாணாக்கர் சூழ நின்று ஆராய்வர். செய்தவர் தாம் கண்டதைக் கூறல் வேண்டும். பிறர் மறுத்தலும் செய்யலாம். அழகாக உள்ளது என்று கூறியமையும் புகழுரைக்கு அங்கு மதிப்பில்லை. எப்பொருள், எச்செய்கையால், எவ்வாற்றலைப் பெற்றது என்பதே வினா.

அயல்நாட்டு மாணாக்கர்க்கு இம்முறை ஒரு பெருந்துணையாயிற்று என்று நாம் கருதுகின்றோம். மொழி நன்கறியாத நாட்டில் நூல்வழிக் கல்வி கற்பார் முதலாண்டை அகராதியோடு கழிப்பர். மடித்த தாள் நிற்கின்றதா, வீழ்கின்றதா என்பதை அறியவோ எந்த அகராதியும் வேண்டுவதில்லை. அந்நாட்டிற் பிறந்தவரும், கடல் கடந்து வந்தவரும் அத்தாளின்முன் ஒரு நிலையினரே.

ஓட்டி பெர்கரின் தொடுபலகை

இனி, அவ்வாறு வந்தவருள் ஒருவரைக் காண்போம். ஓட்டி பெர்கர் என்னும் பெண்மணி 1898-ஆம் ஆண்டில் அக்கால ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சார்ந்த, இந்நாளிற் குரோவேஷிய நாட்டிலுள்ள, ஸ்மயேவாஸ் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். நோயொன்றினால் அவர் செவிப்புலன் பெரிதும் குன்றியது. ஸாக்ரப் நகரில் ஓவியக்கல்வி பயின்றபின், 1927-ஆம் ஆண்டில் தெஸ்ஸௌ வந்து பௌஹௌஸில் மாணாக்கியானார்.

அப்பொழுது மொஹோய்-நாஜி தம் வகுப்பில் 'தொடுபலகை' என்னும் பணியினை இட்டு வந்தார். கண்ணால் அறிவதையே கலையென்று கருதிப் பழகியோர்க்கு விரலால் அறிவதையும் கற்பித்தல் அதன் நோக்கம். மாணாக்கர் பல்வகைப் பொருள்களை வரிசையாக இணைத்து, விரலை அவற்றின்மேல் ஓட்டி, எவ்விடத்து எவ்வுணர்ச்சி தோன்றுகின்றது என்பதைக் கோடுகளாற் குறித்தல் வேண்டும். செவிவழிக் கல்வி அரிதாயிருந்த பெர்கருக்கு இப்பணி எத்துணை இயைந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

அவர் 1928-ஆம் ஆண்டிற் செய்த தொடுபலகை ஒடுங்கி நீண்டதொரு கம்பி வலைத் துண்டு. அதன்மேற் பல்வகை நூல்களை முக்கோணம் முக்கோணமாக வரிசைப்படப் பின்னினார். சில நூல்கள் மெல்லியவை, சில முறுக்கேறியவை, சில சொரசொரப்பானவை. அம்முக்கோணங்களுள் நிறத்தாள் துண்டுகளைச் செருகி எடுக்குமாறும் அமைத்தார். ஆகவே, ஒருவர் அதனைத் தொடும்போதே நிறத்தையும் தம் விருப்பின்படி மாற்றிக் கொள்ளலாம். தொடுவுணர்ச்சிக்கு ஏற்ற நிறம் யாது என்று ஆராயலாம். ஆசிரியர் இதனைத் தாம் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் படமாகச் சேர்த்தார். அத்தொடுபலகை இன்றும் பெர்லின் நகரத்துப் பௌஹௌஸ் காப்பகத்திற் போற்றப்படுகின்றது. விலைக்கென்றோ காட்சிக்கென்றோ செய்யப்பெறாத ஒரு மாணாக்கியின் வகுப்புப் பணி அது.

பெர்கர் பின்னர் நெசவுப் பட்டறையிற் புகுந்தார். இதனை அவர் விருப்பம் ஒன்றே என்று கருதுதல் பொருந்தாது. ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை என்று பறைசாற்றித் தொடங்கிய அக்கூடத்திலும், பெண்களிற் பெரும்பாலோரை நெசவிற்கே அனுப்புதல் வழக்கமாயிருந்தது. கட்டடக்கலையே உச்சியில் இருந்தது; நெசவு கீழ்ப்படியில் வைத்து எண்ணப்பட்டது. ஆயினும் அப்பட்டறையே அக்கூடத்தில் ஆலைத்தொழிலோடு நன்கு இணைந்தவற்றுள் ஒன்றாக விளங்கிற்று. அதற்குத் தலைமை பூண்ட குந்தா ஸ்டோல்ஸ்ல் என்பவர், தாமும் அங்கு மாணாக்கியாகப் பயின்று உயர்ந்தவர்.

தொடக்க வகுப்பிற் கற்ற பாடம் தறியில் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு ஆன்னி ஆல்பர்ஸ் என்னும் நெசவு மாணாக்கியின் பணியொன்றையும் ஈண்டுக் கூறலாம். பெர்லினை அடுத்த பெர்னௌ என்னும் ஊரில் தொழிற்சங்கத்தார்க்கென ஹன்னஸ் மேயர் ஒரு கல்விச்சாலை கட்டினார். அதன் பேரவைக் கூடத்தில் ஒலி எதிரொலித்துக் குழம்பியது. அதனைத் தீர்த்தற்பொருட்டு ஆன்னி ஆல்பர்ஸ் ஒரு சுவர்த்துணியை நெய்தார். அதன் பின்புறம் மயிர்போல் அடர்ந்த நூலால் நெய்யப்பெற்று ஒலியை விழுங்கியது. முன்புறம் செலோஃபேன் இழை கலந்து ஒளியைப் பரப்பியது. 1930-ஆம் ஆண்டில் அவர் பட்டம் பெறுதற்குரிய பணி அதுவேயாம். இப்பொருள் யாது செய்யவல்லது என்னும் தொடக்க வகுப்பின் வினாவே அத்துணியில் விடையாயிற்று.

பெர்கரும் 1930-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அறையின்கண் துணிக்குரிய இடத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் வரைந்தார். துணியின் அழகைக் கண்ணால் மட்டும் அறிதல் முடியாது, கையாற் பற்றியே அறிதல் வேண்டும் என்பது அதன் கருத்துக்களுள் ஒன்று. தொடுபலகையின் பாடம் கொள்கையாக மலர்ந்தமை காண்க. 1931-ஆம் ஆண்டில் ஸ்டோல்ஸ்ல் விலகியபின் நெசவுக் கல்வியின் பெருஞ்சுமையைப் பெர்கர் தாங்கினார். 1932-ஆம் ஆண்டிற் பெர்லினில் தமக்கென ஒரு நெசவுப் பட்டறையைத் தொடங்கினார். இருக்கைகளுக்குரிய இரட்டை நெசவுத் துணி ஒன்றனை வகுத்து, 1934-ஆம் ஆண்டில் அதற்கு அரசாங்கக் காப்புரிமையும் பெற்றார். தாம் வகுத்த துணிகளைத் தம் பெயராலேயே ஆலைகள் வெளியிடுதல் வேண்டும் என்று வாதிட்டார். நெசவாளர் பெயர் மறைந்து ஆலையின் பெயரே நிற்கும் உலகில் இஃது எளிய செயலன்று.

ஆயின் காலம் கொடியதாயிற்று. நாஜிக் கட்சியார் ஆட்சியில், யூதர் என்னும் காரணத்தால் 1936-ஆம் ஆண்டில் அவர் தொழில் நடத்தும் உரிமையை இழந்தார். 1937-ஆம் ஆண்டில் லண்டன் சென்றார். அங்கு மொழியும் அறியார், செவியும் கேளார், நிலையான வேலையும் வாய்க்கவில்லை. அமெரிக்காவிற் சிக்காகோ நகரில் மொஹோய்-நாஜி புதிதாகத் தொடங்கிய கலைக்கூடத்திற்கு வருமாறு அவருக்கு அழைப்பும் இருந்தது. ஆனால் தாயார் நோயுற்றமையால் 1938-ஆம் ஆண்டில் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பினார். அங்கிருந்து மீளும் வழி அடைபட்டது. 1944-ஆம் ஆண்டில் அவர் ஔஷ்விட்ஸ் என்னும் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டார். தாயைப் பேணச் சென்ற மகளின் முடிவு இது. அவர் விரல்கள் தேர்ந்தெடுத்த நூல்கள் இன்றும் அக்கம்பி வலையிற் கிடக்கின்றன.

ஜப்பானியர் கொண்டுசென்றது

பெர்கர் பயின்று பட்டம் பெற்ற ஆண்டிலேயே, ஜப்பானினின்றும் ஓர் இளந் தம்பதியர் தெஸ்ஸௌ வந்தனர். கணவர் யாமவாக்கி இவாவோ, முன்னரே கட்டடக்கலை பயின்று தொழில் செய்தவர். மனைவி யாமவாக்கி மிச்சிக்கோ 1910-ஆம் ஆண்டிற் பிறந்தவர். தேநீர்ச் சடங்கில் தேர்ந்த தந்தைக்கு மகள். இருவரும் அமெரிக்கா வழியாகச் சென்று, 1930-ஆம் ஆண்டில் ஆல்பர்ஸின் வகுப்பிலும் காந்தின்ஸ்கியின் வகுப்பிலும் அமர்ந்தனர்.

காந்தின்ஸ்கி இட்ட பணி வேறொரு வகையினது. நாற்காலி, கூடை, சட்டம், துணி முதலியவற்றை ஒருங்கு அடுக்கி மாணாக்கர்முன் வைப்பார். முதலில் அதன் முழு வடிவத்தைச் சில கோடுகளாற் குறித்தல் வேண்டும். அடுத்து, அவற்றுள் எது தாங்குகின்றது, எது சாய்கின்றது, எது இழுக்கின்றது என்னும் விசைகளைக் கண்டு வரைதல் வேண்டும். இறுதியில், நாற்காலியும் கூடையும் மறைந்து, அவ்விசைகளின் வலைப்பின்னல் மட்டுமே தாளில் நிற்கும். காண்பதைக் கண்டவாறே வரைதலன்றி, காண்பதன் உள்ளே நிகழ்வதை வரையுமாறு பழக்குவது இப்பணி.

தொடக்க வகுப்பு முடிந்தபின் மிச்சிக்கோ நெசவுப் பட்டறையிலும், இவாவோ கட்டடக்கலையிலும் பின்னர் நிழற்படக்கலையிலும் பயின்றனர். பொருளை வீணாக்காமை, வேண்டாதவற்றை நீக்கல், ஒவ்வொரு பொருளின் இயல்பையும் போற்றல் ஆகிய இவை தேநீர்ச் சடங்கினர் வீட்டிற் பிறந்தார்க்குப் புதியன அல்ல. பல்லாயிரங் காதம் கடந்து சென்று அவர் கற்றவற்றுட் சில, தம் இல்லத்திலேயே வேறு பெயரோடு இருந்தன. மிச்சிக்கோ 1995-ஆம் ஆண்டில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டபோது, அதற்குப் 'பௌஹௌஸும் தேநீர்ச் சடங்கும்' என்னும் பொருள்படப் பெயரிட்டமை நோக்கத்தக்கது.

அவர்கள் கல்வி இடையிலேயே முறிந்தது. நாஜிக் கட்சியார் கைப்பட்ட தெஸ்ஸௌ நகரசபை 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் கூடத்தை மூடுமாறு தீர்மானித்தது. யாமவாக்கி தம்பதியர் அவ்வாண்டே தம் நாட்டிற்கு மீண்டனர். இவாவோ, தாம் கற்ற நிழற்படக்கலையைக் கொண்டே இந்நிகழ்ச்சிக்கு ஒரு சான்று அமைத்தார். படங்களை வெட்டி ஒட்டி அவர் செய்த அப்பணியில், கண்ணாடிச் சுவருடைய பௌஹௌஸ் கட்டடம் சாய்ந்து கிடக்கின்றது. சீருடை அணிந்தோர் அதனை மிதித்து நடக்கின்றனர். மாணாக்கரின் பயிற்சி வரலாற்றுச் சான்றாக மாறியதற்கு இஃது ஒன்றே போதும். கூடம் பெர்லினில் ஒரு பழைய தொழிற்சாலையிற் சில திங்கள் நடைபெற்றது. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் காவலர் அதனைச் சோதனையிட்டுப் பூட்டினர். ஜூலைத் திங்களில் ஆசிரியர்களே அதனைக் கலைத்தனர்.

ஆனால் வகுப்புப் பணிகள் கலையவில்லை. டோக்கியோ நகரில் கவக்கித்தா ரென்ஷிச்சிரோ என்பவர், தாம் ஜெர்மனி சென்று பயிலாவிடினும், அங்குப் பயின்று மீண்ட மிசுத்தானி தக்கேஹிக்கோ வாயிலாக அம்முறையை அறிந்து ஒரு கலைப்பள்ளி நடத்தி வந்தார். யாமவாக்கி தம்பதியரும் அங்குக் கற்பித்தனர். கவக்கித்தா 1934-ஆம் ஆண்டில் தம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்ட பெருநூல், இப்பயிற்சிகளை ஆரம்பப்பள்ளிச் சிறுவர்க்கும் உரியனவாக விளக்கிற்று. அப்பள்ளியிற் பயின்ற குவசாவா யோக்கோ என்னும் அம்மையார் 1954-ஆம் ஆண்டில் தாமே ஒரு கலைப்பள்ளியைத் தோற்றுவித்தார். மறுபுறம், யோசெப் ஆல்பர்ஸும் ஆன்னி ஆல்பர்ஸும் 1933-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, பிளாக் மௌண்டன் என்னும் கல்லூரியில் அதே பணிகளை அந்நாட்டு மாணாக்கர்க்கு இட்டனர். நிறங்களைப் பற்றிய தம் வகுப்புப் பயிற்சிகளை யோசெப் ஆல்பர்ஸ் 1963-ஆம் ஆண்டிற் பெருநூலாக்கினார்.

கட்டடத்தைப் பூட்டலாம், தறிகளைப் பறிக்கலாம், ஆசிரியரைத் துரத்தலாம். ஒரு தாளும் ஒரு வினாவும் மட்டுமே வேண்டும் பயிற்சியைப் பூட்டுதற்கு எந்த அரசாங்கத்திடமும் பூட்டு இல்லை.

நம் மாணவர்க்கு

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எப்பயிற்சியும் நாளடைவில் வெறும் சடங்காதல் கூடும். மடித்த தாள் அழகியது என்று கண்டு, அதன் படத்தைப் பார்த்து அவ்வாறே மடிப்பவர் ஒன்றும் கற்றிலர்; அவர் பிறர் கண்ட விடையைப் படியெடுத்தவரே. கோட்டையும் ஓடமும் செய்து வைத்தாரினும் அவர் மேம்பட்டவரல்லர். விடை பரவி வினா மறையுமிடத்துக் கல்வியும் மறையும். அயல்நாட்டினின்றும் மீள்வோர் அந்நாட்டுக் கண்ணாடிச் சுவரையும் இரும்பு நாற்காலியையும் மட்டும் இங்குக் கொணர்ந்து நிறுத்துவாராயின், அவரும் விடையையே சுமந்து வந்தவராவர். நம் நாட்டு வெயிலும் மழையும், நம் ஓலையும் மூங்கிலும் பருத்தியும் யாது செய்யவல்லன என்று வினவுவாராயின், அவரே கற்று வந்தவர்.

நம் கல்லூரி மாணவருள் ஓவியத்திலோ கைத்தொழிலிலோ விருப்பமுடையார் பலர் உளர். கடல் கடந்து செல்லும் வாய்ப்பு அவருட் சிலர்க்கே கிட்டும். ஆயினும் மேற்கூறிய பணிகளுட் பல, கடல் கடவாமலே செய்தற்குரியன. பழைய செய்தித்தாள் ஒன்று போதும். பசையையும் கத்தரியையும் ஒதுக்கிவிட்டு, ஒரு மணி நேரம் அதனை மடித்தும் விரித்தும் பாருங்கள். வட்டமாக வெட்டிய தாளில் வளைய மடிப்புக்களையும் முயன்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று தாள்கள் கிழியும். வீட்டிலுள்ள கயிறு, நார், பட்டு, கம்பளி இவற்றின் துண்டுகளை ஓர் அட்டையில் தைத்து, கண்ணை மூடி விரலால் தொட்டு, உணர்ந்ததைக் கோடாக வரைந்து பாருங்கள். நண்பர் நால்வர் கூடிச் செய்து, தரையிற் பரப்பி, ஒருவர் பணியை ஒருவர் ஆராய்வது இன்னும் நன்று. 'அழகாயிருக்கிறது' என்னும் சொல்லை மட்டும் அவ்வொரு மணி நேரத்திற்கு விலக்கி வையுங்கள்.

செய்து முடித்தவற்றைக் குப்பையில் எறியலாம். பெர்கரின் வகுப்பிலும் மிகப்பல அவ்வாறே எறியப்பட்டிருக்கும். எறியுமுன் ஒவ்வொன்றின் பின்னும், இத்தாள் நமக்குக் காட்டியது யாது என்று ஒரு வரி எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.